மீனுக்குள்ளும் நமக்குள்ளும் ஒரு தணல்: ஃபார்மால்டிஹைடு எப்படி இயங்குகிறது?

பழவேற்காட்டில் படகு கரை சேர்ந்ததும் மீனைக் கூறு கட்டி விற்கிற பெண்களிடம் வெளியூர்க்காரர்கள் கேட்கும் கேள்விகளில் ஒன்று, "மருந்து போட்டிருக்கா?" என்பது. மருந்து என்று அவர்கள் சொல்வது ஃபார்மலினை. வலையிலிருந்து அப்போதுதான் உதறிய மடவைக்கும் அந்தக் கேள்வி வருகிறதென்றால் 2018ஆம் ஆண்டு அதற்கு ஒரு காரணம். அந்த ஜூன் மாதம் கேரள உணவுப் பாதுகாப்புத் துறை 'ஆபரேஷன் சாகர் ராணி' என்ற பெயரில் எல்லைச் சாவடிகளில் மீன் லாரிகளை நிறுத்திச் சோதித்தது. ஃபார்மலின் கலந்த மீன் ஆயிரக்கணக்கான கிலோ பிடிபட்டது. ஜூலையில் கோவாவும் அசாமும் வெளிமாநில மீன் வரவையே சில நாட்களுக்கு நிறுத்தின. சென்னையில் காசிமேடு, சிந்தாதிரிப்பேட்டை சந்தைகளில் எடுத்த மீனில் ஃபார்மலின் இருப்பதாக ஒரு சோதனை சொன்னது. இல்லை என்று அரசுத் தரப்பு சொன்னது. எது சரி என்று தெளிவதற்குள் மீன் வாங்குகிறவர்களின் மனதில் பயம் குடியேறிவிட்டது. பழவேற்காடு ஏரியில் பிடித்ததை அன்றன்றைக்கே விற்றுத் தீர்க்கும் பெண்களும் அந்தப் பயத்துக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஃபார்மலின் என்பது ஃபார்மால்டிஹைடு என்ற வாயுவை நூற்றுக்கு ஏறத்தாழ 37 பங்கு நீரில் கரைத்தது. அது திரிந்து படியாமல் இருக்கக் கொஞ்சம் மெத்தனாலும் சேர்ப்பார்கள். பிணவறையிலும் கல்லூரி ஜாடிகளிலும் நாம் பார்த்த சரக்கு. ஆனால் அதே ஃபார்மால்டிஹைடு கூறில் கிடக்கும் மீனிலும், விற்கிறவர் உடம்பிலும், கேள்வி கேட்கிறவர் உடம்பிலும் இயல்பாகவே இருக்கிறது. உயிருள்ள செல் ஒவ்வொன்றும் அதை நொடிதோறும் உண்டாக்குகிறது, நொடிதோறும் ஒழிக்கிறது. இது தெரியாமல் மீனைப் பற்றிப் பேசினால் இரண்டு பக்கமும் தவறு நேரும். இயற்கையாகவே இருப்பதுதானே என்று ஃபார்மலின் ஊற்றுகிறவரை விட்டுவிடுவோம். அல்லது சோதனைத் தாளில் லேசாக நிறம் தெரிந்ததற்கு ஒரு பெண்ணின் கூடையைக் கவிழ்த்துவிடுவோம்.

விறகடுப்பு எரிகிற ஒரு சமையல்கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே பனையோலைக் கூரை. அடுப்புக்குப் பக்கத்தில் இடுக்கி, தண்ணீர்ச் சட்டி, ஒரு மூலையில் சாம்பல் குவியல். ஒரு செல்லின் உள்ளே நடப்பது இதுதான். ஃபார்மால்டிஹைடு அங்கே அடுப்பிலிருந்து தெறிக்கிற தணல். சமைக்கிற வீட்டில் தணல் தெறிக்காமல் இருக்காது. அதைப் பிடிக்க இடுக்கி இருக்கிறதா, அவிக்கத் தண்ணீர் இருக்கிறதா, கூரைக்கும் அதற்கும் எவ்வளவு தூரம் என்பதைப் பொறுத்துத்தான் வீடு நிற்கும்.

தணல் எங்கிருந்து தெறிக்கிறது? பல அடுப்புகளிலிருந்து. டி.என்.ஏ. இழை ஹிஸ்டோன் என்ற புரதங்களைச் சுற்றிக் கிடக்கிறது. எந்த மரபணு வேலை செய்ய வேண்டும், எது சும்மா இருக்க வேண்டும் என்பதற்கு அந்தப் புரதங்களில் மெத்தில் என்ற சிறு குறிகள் ஏறுகின்றன. குறியைக் கழற்றும் நொதிகளில் முதலாவது 2004இல் கண்டுபிடிக்கப்பட்டது. அது கழற்றும் ஒவ்வொரு குறியும் ஒரு ஃபார்மால்டிஹைடு மூலக்கூறாக வெளியே விழுகிறது, அதுவும் டி.என்.ஏ.வுக்கு மிக அருகில். ஓலைக்கு நேர் கீழே தெறிக்கிற தணல் அது. இன்னும் சில அமினோ அமிலங்கள் சிதையும்போதும், சில அமீன்கள் உடைபடும்போதும், பழத்திலிருந்தும் குடலிலிருந்தும் துளித்துளியாக வரும் மெத்தனாலைக் கல்லீரல் மாற்றும்போதும் இது உண்டாகிறது. ஃபோலேட் என்ற வைட்டமினும் சிதையும்போது ஃபார்மால்டிஹைடை விடுகிறது என்பது 2017இல் தெரிய வந்தது.

எவ்வளவு என்று கேட்டால் நம்பச் சிரமமாக இருக்கும். மனித ரத்தத்தில் லிட்டருக்கு இரண்டு முதல் மூன்று மில்லிகிராம் அளவில், பெரும்பாலும் வேறு மூலக்கூறுகளோடு ஒட்டியபடி, இது இருக்கிறது. ரத்தத்தில் இருப்பதில் பாதி ஒன்று, ஒன்றரை நிமிடத்தில் மறைந்துவிடுகிறது. அப்படியிருந்தும் அளவு குறைவதில்லை என்றால் அதே வேகத்தில் புதிதாக உண்டாகிறது என்றுதான் பொருள். இந்தக் கணக்கை வைத்து ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2014இல் மதிப்பிட்டது: உடல் எடையில் கிலோவுக்கு, ஒரு நாளைக்குச் சுமார் 900 முதல் 1,300 மில்லிகிராம். அறுபது கிலோ எடையுள்ள ஒருவருக்கு இது ஐம்பது கிராமைத் தாண்டும். ஒட்டியதையும் ஒட்டாததையும் சேர்த்துப் போட்ட மதிப்பீடு இது என்பதை மனதில் வைத்துக்கொண்டாலும், நமக்குள் ஓயாமல் அவிந்துகொண்டிருக்கும் தணலின் அளவு புரியும்.

அதை அவிப்பது எப்படி? முதலில் இடுக்கி. குளுட்டாதயோன் என்ற சிறு மூலக்கூறு செல் முழுக்க நிறைந்திருக்கிறது. அதில் ஒரு கந்தக முனை உண்டு. ஃபார்மால்டிஹைடு அந்த முனையில் தானாகவே போய்ப் பற்றிக்கொள்ளும்; நொதிகூடத் தேவையில்லை. இடுக்கியில் பிடிபட்ட தணலை ஏ.டி.எச்.5 என்ற நொதி தண்ணீர்ச் சட்டியில் முக்குகிறது. அதாவது அதிலிருந்து ஹைட்ரஜனைப் பறித்து அதன் வீரியத்தை எடுத்துவிடுகிறது. அடுத்து வேறொரு நொதி இடுக்கியை விடுவித்து, அவிந்ததைச் சாம்பல் மூலையில் கொட்டுகிறது. அந்தச் சாம்பலுக்குப் பெயர் ஃபார்மேட். இடுக்கி அப்படியே அடுத்த தணலுக்குப் போகிறது. செல்லின் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் ஏ.எல்.டி.எச்.2 என்று இன்னொரு தண்ணீர்ச் சட்டியும் இருக்கிறது. மதுவிலிருந்து உண்டாகும் அசிட்டால்டிஹைடை ஒழிப்பதுதான் அதன் பெயர் பெற்ற வேலை; ஃபார்மால்டிஹைடையும் அது கவனித்துக்கொள்கிறது.

இந்த ஏற்பாட்டில் என்னை மிகவும் கவர்ந்தது சாம்பல் மூலை. கிராமத்துச் சமையல்கட்டில் சாம்பலை யாரும் வீணாக்குவதில்லை. வழுக்குகிற கெளுத்தியைச் சாம்பல் தொட்டுத்தான் தேய்ப்பார்கள். பாத்திரம் துலக்கவும் அதுதான். செல்லும் அப்படித்தான் செய்கிறது. ஃபார்மேட்டை ஃபோலேட் மூலக்கூறு ஒன்று ஏந்திக்கொண்டு போய், டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. எழுத்துகளைக் கட்டும் இடத்தில் ஒற்றைக் கரி அணுவாகச் சேர்க்கிறது. 2017இல் வெளிவந்த அதே ஆய்வு, விஷமாக உண்டான ஃபார்மால்டிஹைடு ஒழிக்கப்பட்ட பிறகு இப்படிப் புதிய மரபுப் பொருளுக்கு மூலப்பொருளாகிறது என்று காட்டியது. கர்ப்பிணிகளுக்கு ஃபோலிக் அமில மாத்திரை கொடுப்பதும், முருங்கைக்கீரை சாப்பிடச் சொல்வதும் இந்த ஏந்திச் செல்லும் வேலைக்காகத்தான். தேவைக்கு மேல் இருக்கும் ஃபார்மேட் கரியமில வாயுவாகி மூச்சில் போய்விடும்.

இனிக் கூரைக்கு, அதாவது டி.என்.ஏ.வுக்கு, வருவோம். ஃபார்மால்டிஹைடின் கரி அணு எலக்ட்ரான் பசியோடு இருக்கிறது. புரதத்தின் அமீன் முனை, கந்தக முனை, டி.என்.ஏ. எழுத்துகளில் உள்ள அமீன் முனை எது கிடைத்தாலும் பற்றும். ஒரு பக்கம் பற்றியதும் மறுபக்கம் காலியாக இருக்கும். அதுவும் பக்கத்தில் இருக்கும் இன்னொன்றைப் பற்றும். இப்படி இரண்டு மூலக்கூறுகளை இறுக்கமாகப் பிணைத்துவிடுகிறது. 1893இல் ஜெர்மனியில் ஃபெர்டினாண்ட் ப்ளூம் என்ற மருத்துவர் ஃபார்மலினைக் கிருமிநாசினியாகச் சோதித்துக்கொண்டிருந்தபோது தன் விரல் தோல் விறைத்துப்போனதைக் கவனித்தார். திசுக்களைப் பதப்படுத்தும் வழக்கம் அங்கிருந்துதான் தொடங்கியது. ஃபார்மலின் ஊற்றிய மீன் விறைப்பாக நிற்பதும் ஜாடியில் தவளை அழுகாமல் இருப்பதும் இதே பிணைப்பால்தான். உயிரோடு இருக்கும் செல்லில் புரதம் ஒன்று டி.என்.ஏ.வோடு பிணைந்துவிட்டால், செல் பிரிவதற்காக இழையை நகல் எடுத்துக்கொண்டு வருகிற இயந்திரம் அங்கே முட்டி நிற்கும்.

அதற்கும் செல்லிடம் ஆட்கள் உண்டு. கருகிய ஓலையை மட்டும் பிடுங்கிப் புதிது செருகுகிற வேலை அவர்களுடையது. எஸ்.பி.ஆர்.டி.என். என்ற நொதி டி.என்.ஏ.வில் ஒட்டிய புரதத்தைத் துண்டு துண்டாக அரிந்தெடுக்கிறது. ஃபான்கோனி பாதை என்ற பழுது பார்க்கும் குழு இழைகளுக்கு நடுவே விழுந்த முடிச்சை அவிழ்க்கிறது. 1927இல் சுவிட்சர்லாந்தின் குழந்தை மருத்துவர் குய்டோ ஃபான்கோனி விவரித்த ரத்தசோகை நோயின் பெயர் அது. அந்த நோயுள்ள குழந்தைகளின் எலும்பு மஜ்ஜை ஏன் வற்றிப்போகிறது, வெளியிலிருந்து எந்த நஞ்சும் படாத உடம்பில் டி.என்.ஏ.வை எது கெடுக்கிறது என்ற கேள்வி வெகுகாலம் இருந்தது. கேம்பிரிட்ஜில் கே. ஜே. பட்டேலின் ஆய்வுக் குழு 2015இல் ஒரு விடை தந்தது. ஏ.டி.எச்.5 நொதியும் ஃபான்கோனி பாதையும் இரண்டுமே இல்லாத எலிகளை அவர்கள் வளர்த்தார்கள். ஒன்று மட்டும் இல்லாத எலிகள் ஓரளவு தாக்குப்பிடித்தன. இரண்டும் இல்லாதவற்றுக்கு ரத்தம் ஊறும் தாய்ச் செல்கள் அழிந்தன, கல்லீரலும் சிறுநீரகமும் கெட்டன, சிலவற்றுக்கு ரத்தப் புற்று வந்தது. யாரும் அவற்றுக்கு ஃபார்மலின் கொடுக்கவில்லை. அவற்றின் சொந்த அடுப்பின் தணலே போதுமானதாக இருந்தது.

மனிதரில் இப்படி நடக்குமா என்பதற்கு 2020இல் பதில் வந்தது. ஜப்பானில் சில குழந்தைகளுக்கு ஏ.டி.எச்.5 முற்றிலும் செயலிழந்திருந்தது. அதோடு, கிழக்காசியாவில் பரவலாக உள்ள, ஏ.எல்.டி.எச்.2 நொதியைப் பலவீனமாக்கும் மரபு மாற்றமும் சேர்ந்திருந்தது. இரண்டு தண்ணீர்ச் சட்டிகளும் காலி. மஜ்ஜை வற்றியது, உயரம் நின்றது, மூளை வளர்ச்சி பின்தங்கியது. அந்தக் குழந்தைகளின் வீட்டில் யாரும் எந்தத் தவறும் செய்யவில்லை என்பதை நினைக்கும்போது மனம் கனக்கிறது. நாம் ஒவ்வொருவரும் நாள் முழுக்க எந்த ஆபத்தின் விளிம்பில், எதனால் காப்பாற்றப்பட்டு நடமாடுகிறோம் என்பதை அவர்கள் வழியாகத்தான் மருத்துவம் கற்றுக்கொண்டது.

சாம்பலும் ஆபத்தாகும். நம் கடற்கரை அதைக் கொடூரமாக அறிந்திருக்கிறது. 2023 மே மாதம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பம் என்ற மீனவக் கிராமத்தில் விற்கப்பட்ட சாராயத்தில் இருந்தது மெத்தனால். அதே நாட்களில் செங்கல்பட்டு மாவட்டத்திலும் சாவு விழுந்தது. இரண்டு இடங்களிலுமாக 20 பேருக்கு மேல் இறந்தார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல். மெத்தனாலைக் கல்லீரல் ஃபார்மால்டிஹைடாக மாற்றுகிறது. மேலே சொன்ன இடுக்கியும் தண்ணீர்ச் சட்டியும் அதை விரைவாகவே அவித்துவிடுகின்றன. சிக்கல் அதற்கு அடுத்த படியில். மனித உடம்பு ஃபார்மேட்டை மெதுவாகத்தான் அகற்றும். சாம்பல் மூலை நிரம்பி அடுப்பு வாய் வரை குவிந்துவிடும். காற்றுப் புகாத அடுப்பு எரியாது: ஃபார்மேட் மைட்டோகாண்ட்ரியாவில் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் கடைசி நொதியை அடைத்துவிடுகிறது. ரத்தம் அமிலமாகிறது. அதிக ஆக்சிஜன் கேட்கும் கண் நரம்பு முதலில் சாகிறது. பிழைத்தவர்களில் சிலர் பார்வை இழப்பது இதனால்தான்.

மருத்துவமனையில் செய்யும் சிகிச்சையின் தர்க்கமும் இதிலேயே இருக்கிறது. ஃபோமெபிசோல் என்ற மருந்தோ, அது கிடைக்காத இடத்தில் சுத்தமான எத்தனாலோ கொடுத்தால் கல்லீரலின் நொதி மெத்தனாலைத் தொடாமல் இருக்கும். புதுத் தணல் விழாது. ஃபோலினிக் அமிலம் சாம்பலை ஏந்திப்போகும் கையைக் கூட்டும். டயாலிசிஸ் மெத்தனாலையும் ஃபார்மேட்டையும் வெளியே எடுக்கும். குடித்தவருக்கு ஆரம்பத்தில் ஒன்றும் தெரியாது, வெறும் போதையாகத்தான் இருக்கும். தொந்தரவு தொடங்க அரை நாளோ ஒரு நாளோகூட ஆகலாம். அந்த இடைவெளியில்தான் உயிரைக் காப்பாற்றும் வாய்ப்பு அதிகம். கூடக் குடித்தவர் ஒருவர் கண் மங்குகிறது என்று சொன்னால், நன்றாக இருக்கும் மற்றவர்களையும் அப்போதே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும்.

மீனுக்குத் திரும்பலாம். கடல் மீன்களின் சதையில் ட்ரைமெத்தில் அமீன் ஆக்சைடு என்ற பொருள் இருக்கிறது. உப்புச் சமநிலைக்கும் புரதங்கள் குலையாமல் இருப்பதற்கும் அது உதவுகிறது. சுறாவிலும் திருக்கையிலும் அதிகம். நன்னீர் மீனில் மிகக் குறைவு. மீன் செத்ததும் இது இரண்டு வழியில் உடையும். பாக்டீரியா கை வைத்தால் ட்ரைமெத்தில் அமீன் உண்டாகும். பழைய மீன் வாடை அதுதான். சில மீன்களின் சதையிலேயே உள்ள ஒரு நொதி கை வைத்தால் டைமெத்தில் அமீனும் ஃபார்மால்டிஹைடும் சமமாக உண்டாகும். இந்த நொதி பலமாக இருப்பவை வடகடல் காட் இனங்கள், நம் பக்கத்துத் தும்பிலி, மேற்குக் கரையின் பம்பாய் டக். பாக்டீரியாவை நிறுத்துகிற உறைகுளிரிலும் அந்த நொதி மெல்ல வேலை செய்யும். உறைநிலையில் மாதக்கணக்கில் கிடந்த அத்தகைய மீன் சக்கையாக, நார் நாராக இருப்பது ஃபார்மால்டிஹைடு அதன் புரதங்களைப் பிணைத்துவிட்டதால். ஒரு துளி ஃபார்மலின் படாத மீன் அது.

இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் இதை ஏற்றுக்கொண்டு, மீன் வகையைப் பொறுத்து இயற்கையாக இருக்கக்கூடிய அளவுகளை 2019இல் வகுத்தது. வெளியிலிருந்து சேர்ப்பதற்கு எந்த அளவிலும் அனுமதி இல்லை. இந்த இரண்டும் ஒன்றாக நிற்பது நியாயமே. உடம்பு நாளுக்கு ஐம்பது கிராம் அவிக்கிறதே, மீனில் ஊற்றியது என்ன செய்யும் என்று கேட்பவர்களுக்குச் சமையல்கட்டே பதில் சொல்கிறது. உள்ளே தெறிக்கும் தணல் எண்ணற்ற அடுப்புகளில் சிறு பொறியாகத் தெறிக்கிறது; ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இடுக்கி இருக்கிறது. வெளியிலிருந்து வருவது ஒரே இடத்தில், குடல் சவ்விலோ மூக்கின் சவ்விலோ, மொத்தமாகக் கொட்டுகிறது. அந்த இடத்துச் செல்களில் உள்ள இடுக்கிகள் போதாது. 1980களின் ஆய்வுகளில் இதன் ஆவியைச் சுவாசித்த எலிகளுக்கு மூக்கில்தான் புற்று வந்தது. அடர்த்தி குறைவாக இருந்தவரை ஏறக்குறைய ஒன்றும் இல்லை. ஓர் எல்லையைத் தாண்டியதும் மளமளவென்று ஏறியது. இடுக்கிகள் தீர்ந்துபோகும் எல்லை அது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இல் ஃபார்மால்டிஹைடை மனிதருக்குப் புற்று உண்டாக்கும் பொருட்களின் முதல் வகையில் சேர்த்தது.

அதனால் ஃபார்மலின் கலந்த மீனைப் பற்றி யோசிக்கும்போது, அதைக் கலக்கிய ஆளின் நினைவும் எனக்கு வருகிறது. மூடிய வண்டிக்குள், முகமூடி இல்லாமல், கையுறை இல்லாமல் ஊற்றியவர். மீனில் சேர்ந்ததில் ஒரு பகுதி கழுவும்போதும் கொதிக்கும்போதும் போகும். அவர் மூக்கில் போனது போனதுதான். இறால் குஞ்சு பொரிப்பகங்களில் ஒட்டுண்ணி நீக்க ஃபார்மலினை அளவோடு பயன்படுத்துவது உலகெங்கும் உள்ள வழக்கம்; அங்கே வேலை செய்பவர்களுக்கும் இது பொருந்தும். அதேபோல ஈர விறகு ஊதி ஊதிக் கண் எரியச் சமைக்கும் பெண்ணுக்கும். அந்தப் புகையில் இருப்பவற்றில் ஃபார்மால்டிஹைடும் ஒன்று. இங்கே நான் சொல்வது உவமையை அல்ல, நிஜ அடுப்பை.

கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் 2018இல் எளிய சோதனைத் தாள்களை வெளிக்கொண்டு வந்தது. மீனில் தேய்த்து ஒரு சொட்டு கரைசல் விட்டால் சில நிமிடங்களில் நிறம் சொல்லும். நல்ல கருவி. ஆனால் ஃபார்மால்டிஹைடு எங்கிருந்து வந்தது என்பதை அது சொல்லாது. அதற்கு மீனின் பெயர் தெரிய வேண்டும், பிடித்து எத்தனை நாள், ஐஸில் இருந்ததா உறையவைத்ததா என்று தெரிய வேண்டும். டைமெத்தில் அமீனையும் சேர்த்து அளந்தால் இன்னும் தெளிவாகும்: மீன் தானாக உண்டாக்கியிருந்தால் இரண்டும் சேர்ந்து ஏறியிருக்கும், ஊற்றியிருந்தால் ஃபார்மால்டிஹைடு மட்டும் தனியாக நிற்கும்.

பழவேற்காடு ஏரி மழைக்காலத்தில் ஆரணியாறும் காளங்கியாறும் கொண்டுவரும் நீரால் ஏறக்குறைய நன்னீராகி, கோடையில் கடலைவிடவும் உப்பேறும் இடம். மடவை, கிழங்கான், கொடுவா, இறால், நண்டு எல்லாம் அந்த மாற்றத்துக்குள் வாழ்கின்றன. அவற்றில் ஒவ்வொன்றிலும் எந்தப் பருவத்தில் எவ்வளவு ஃபார்மால்டிஹைடு இயல்பாக இருக்கும் என்று அளந்து ஓர் அட்டவணை போடுவது பெரிய செலவு பிடிக்கும் வேலையல்ல. பொன்னேரியில் மீன்வளக் கல்லூரியே இருக்கிறது. பழவேற்காட்டுக்குப் பேருந்தில் போய்விடலாம். அந்த அட்டவணை கோட்டைக்குப்பத்திலும் மற்ற குப்பங்களிலும் மீன் இறங்கும் இடத்தில் தமிழில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். பக்கத்திலேயே நியாயமான விலைக்கு ஐஸ் கிடைக்க வேண்டும். ஐஸ் தாராளமாகக் கிடைக்கிற கரையில் ஃபார்மலினுக்கு வேலையே இல்லை.